ஒரே ஸ்கான், இரண்டு வைத்தியர், இரண்டு கோடு. அப்பாவுக்கு எதை நம்புவது?

மாங்குளத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66 வயது. வலது நுரையீரலின் மேல் பக்கத்தில் கட்டி, பயொப்சி செய்து புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. வெட்டி எடுக்க ஏலாத இடமாம், கீமோவும் கரண்டும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள் (கரண்ட் பிடிக்கிறது என்று எங்கட சனம் சொல்வது கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான்). அதுவரைக்கும் ஒரு மாதிரி மனதைத் தேற்றிக்கொண்டோம்.

திட்டம் போடுவதற்கென்று தனியாக ஒரு சீ.ரி. ஸ்கான் எடுத்தார்கள். ஒரு வைத்தியர் அதைக் கணினியில் வைத்து, கதிர் படவேண்டிய இடத்தைக் காட்டக் கட்டியைச் சுற்றிக் கோடு கீறினார், திங்கட்கிழமை தொடங்கலாம் என்று தேதியும் தந்தார்கள். திங்கள் விடியப்புறம் மூன்றரைக்கு எழும்பி அப்பாவைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனால், பெரிய வைத்தியர் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கீறச் சொல்லிவிட்டார், இன்னும் ஒரு கிழமை பொறுங்கள் என்கிறார்கள். வாசலில் நின்றபோது உள்ளே ஒருவர் சொன்னது காதில் விழுந்தது: "முதல் கீறினதில் பாதிதான் இப்ப இருக்கிறது."

பாதி! அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. ஸ்கான் ஒன்று, கட்டி ஒன்று, பிறகு எப்படி ஒருவர் கீறினது மற்றவர் கீறினதில் பாதியாகும்? முதலாமவர் நல்ல நுரையீரலையும் சேர்த்துக் கீறினாரா, இல்லை இரண்டாமவர் கட்டியில் ஒரு பகுதியை விட்டுவிட்டாரா? இதைக் கணினியே கீறிவிட முடியாதா? வைத்தியசாலையின் பெயரை எழுத விரும்பவில்லை, அங்குள்ளவர்கள் அன்பாகத்தான் கதைக்கிறார்கள். ஆனால் யாரும் இருத்தி வைத்து விளங்கப்படுத்தவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

---

கனகராயன் எழுதியது:

தம்பி, நான் நேரே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இரண்டு பேர் இரண்டு விதமாகக் கீறுகிறார்கள் என்றால் ஒருவருக்கு வேலை தெரியவில்லை. காணியை விற்றாவது இந்தியாவுக்குக் கொண்டுபோகப் பாருங்கள். எங்கட சொந்தத்தில் ஒருவர் அப்படித்தான் போய் வந்தார்.

இன்னொன்று. சந்தேகம் இருந்தால் பெரிதாகவே கீறிவிட வேண்டியதுதானே? புல்லுப் பிடுங்கும்போது வேருக்குச் சுற்றிவர மண்ணையும் சேர்த்துத்தானே தோண்டுகிறோம்.

---

அளவுநாடா எழுதியது:

மாங்குளத்தான் தம்பிக்கு, எனக்குச் சொந்த இடம் வவுனியா. பல வருடமாகக் கதிர்வீச்சுத் திட்டமிடும் அறையில்தான் வேலை, வைத்தியர் இல்லை, பௌதிகவியல் பக்கம். காணியை விற்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலாமவர் கீறினதை இரண்டாவது ஆள் ஒருவர் இருந்து பார்த்திருக்கிறார். அது நல்ல விஷயம். ஒருவர் கீறி, அவரே கையொப்பம் போட்டு, வேறு யாரும் பார்க்காமல் மெசினுக்குப் போகிற கோடுகளைத்தான் நான் பயத்தோடு பார்ப்பேன்.

இனி அந்த "பாதி". இரணைமடுக் குளத்தின் படத்தை நாலு பேருக்குக் கொடுத்து, குளத்தைச் சுற்றிக் கோடு கீறச் சொல்லுங்கள். குளக்கட்டுப் பக்கம் நாலு கோடும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும், அங்கே சண்டை இல்லை. கட்டுக்கு எதிரே, தண்ணீர் ஆழமில்லாத அலைகரைப் பக்கம் போனால் தெரியும் கூத்து. தண்ணீர் எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது, புல்லு நிற்கிற ஈரநிலம் குளத்தோடு சேருமா சேராதா? மார்கழியில் ஒரு பதில், ஆவணியில் வேறு பதில். நாலு பேருக்கும் கண் நன்றாகத் தெரியும், படமும் ஒன்றுதான், ஆனாலும் நாலு கோடு வரும்.

நுரையீரல் கட்டியும் அப்படித்தான். காற்று நிறைந்த நுரையீரலைத் தொட்டுக்கொண்டிருக்கிற பக்கம் குளக்கட்டு மாதிரி: கறுப்புக்குள் வெள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளையும் கீறிவிடும். ஆனால் கட்டி மூச்சுக்குழாயை அடைத்துவிட்டால் அதற்கு அங்கால் உள்ள நுரையீரலுக்குக் காற்றுப் போகாது, அது சுருங்கிக் கெட்டியாகிவிடும். சுருங்கின நுரையீரலும் கட்டியும் சீ.ரி.யில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். எது கட்டி, எது வெறும் சுருக்கம் என்று கண்ணால் பிரிப்பது சரியான கஷ்டம். நெஞ்சின் நடுப்பகுதியில் இரத்தக் குழாய்களோடு ஒட்டின கட்டியிலும் இதே தலையிடிதான். அப்பாவுக்கு மேல் பகுதி சுருங்கியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். என் ஊகம், முதலாமவர் சுருங்கினதையும் சேர்த்துக் கீறியிருப்பார், இரண்டாமவர் அதைக் கழித்திருப்பார். ஊகம்தான், படத்தை நான் பார்க்கவில்லை.

இது இலங்கை வைத்தியர்களின் குறை என்று கனகராயன் அண்ணை நினைத்தால், நெதர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 22 நோயாளிகளின் ஸ்கான்களை ஐந்து நிலையங்களைச் சேர்ந்த 11 கதிர்வீச்சு வைத்தியர்களிடம் கொடுத்து, தனித்தனியாகக் கீறச் சொல்லிப் பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வு. சீ.ரி.யை மட்டும் வைத்துக் கீறினபோது கோடுகளின் சிதறல், அதாவது நியம விலகல், 1 சென்ரிமீற்றர். பெற் ஸ்கானையும் (புற்றுநோய்க் கலங்களை வெளிச்சமாகக் காட்டுகிற படம்) சேர்த்துப் பொருத்திக் கொடுத்தபோது 0.4 ஆகக் குறைந்தது. கட்டியும் சுருங்கின நுரையீரலும் முட்டுகிற இடத்தில் மட்டும் பார்த்தால் 1.9இலிருந்து 0.5. எல்லோரும் தேர்ந்த வைத்தியர்கள், நாளாந்தம் இதே வேலை செய்கிறவர்கள், அவர்களுக்கே அலைகரையில் இரண்டு சென்ரிமீற்றர் தடுமாற்றம்.

பாதி என்று கேட்டுத்தான் நெஞ்சு பதறுகிறது, அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டையின் கனவளவு 14 கன சென்ரிமீற்றர். சுற்றிவர அரை சென்ரிமீற்றர் கூட்டினால் விட்டம் 4, கனவளவு 33க்கு மேல். அரைச் சென்ரிமீற்றர் என்பது உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கும் குறைவு, அதற்குள்ளேயே இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. ஆகவே "பாதி" என்றால் கட்டியில் பாதியை வெட்டி எறிந்துவிட்டார்கள் என்று அர்த்தம் எடுக்க வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம், சின்னது என்று சொன்னாலும் பெரிய கலகம் பண்ணுவது. சீ.ரி. படத்தைத் திரையில் பார்க்கும்போது வெளிச்சத்தையும் கறுப்பு வெள்ளை வித்தியாசத்தையும் மாற்றலாம், போனில் படத்தைத் திருத்துவது போல. எங்கள் அறையில் இதை விண்டோ என்போம். அதே கட்டி நுரையீரல் விண்டோவில் பெரிதாகவும், நெஞ்சின் நடுப்பகுதிக்குரிய விண்டோவில் சிறிதாகவும் தெரியும். கட்டி வளரவும் இல்லை, தேயவும் இல்லை, திரைதான் மாறினது. அதனால்தான் ஐரோப்பிய வழிகாட்டிகளில் இலக்கத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள்: நுரையீரலோடு முட்டுகிற ஓரத்துக்கு அகலம் 1600, மையம் கழித்தல் 600. நடுப்பகுதிக்கு அகலம் 400, மையம் 20. (அகலம் என்பது திரையில் காட்டுகிற அடர்த்தி எண்களின் வீச்சு, மையம் அதன் நடு எண்.) இரண்டு வைத்தியர்கள் ஒரே விண்டோவில் கீறவேண்டும் என்று ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினாலே கொஞ்ச வித்தியாசம் போய்விடும். காசு செலவில்லை. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அந்தக் கடதாசியை ஒட்டுவதற்கு இரண்டு வருடம் கதைக்க வேண்டியிருந்தது, அது வேறு கதை.

---

கனகராயன் எழுதியது:

சரி, விளங்குகிறது. ஆனால் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லையே. பெரிதாகக் கீறினால் என்ன நட்டம்?

---

அளவுநாடா எழுதியது:

அண்ணை, புல்லுக்குச் சுற்றிவர உள்ளது மண். இங்கே சுற்றிவர உள்ளது நல்ல நுரையீரல், இதயம், உணவுக்குழாய், முள்ளந்தண்டு நரம்பு. ஏற்கெனவே சுருட்டுப் பிடித்துப் பாதி போன நுரையீரல் என்றால் மிச்சத்தைக் காப்பாற்றியே ஆகவேண்டும். கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வோம். இரண்டு நுரையீரலையும் சேர்த்து, 20 கிரேக்கு மேல் வாங்குகிற பங்கு 35 சதவீதத்தைத் தாண்டாமல் பார்ப்பது வழமை. கோட்டை அகட்ட அகட்ட அந்த எண் ஏறும், ஏறினால் பிறகு இருமலும் மூச்சுத் திணறலும் வரும் ஆபத்துக் கூடும்.

கூடக் கொடுத்தால் கூட நல்லது என்ற எண்ணத்தை அமெரிக்காவில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஆர்.ரி.ஓ.ஜி. 0617 என்ற பரிசோதனை, 2015இல் முடிவு வந்தது. மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோய்க்காரரில் ஒரு பகுதியினருக்கு வழமையான 60 கிரே, மற்றவர்களுக்கு 74 கிரே. கூட வாங்கினவர்கள் அதிக காலம் இருப்பார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தது. நடந்தது மறுவளம்: 60 கிரே பிடித்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம்) 28.7 மாதம், 74 பிடித்தவர்களுக்கு 20.3. இதயம் வாங்கின கதிருக்கும் அதில் பங்கு இருந்தது என்று பிறகு பார்த்தபோது தெரிந்தது. அது கதிரின் அளவு பற்றின சோதனை, கோட்டின் அகலம் பற்றினது இல்லை. ஆனாலும் சுற்றிவர உள்ளது சும்மா மண் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற கட்டிக்கு ஒரு கோடு, அதை ஜீ.ரி.வி. என்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்தில் பரவியிருக்கக்கூடியதற்காக அதைச் சுற்றிச் சில மில்லிமீற்றர் விடுவார்கள், அது சீ.ரி.வி. பிரான்சில் வெட்டி எடுத்த கட்டிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து, 95 சதவீதமான பரவலை மூட ஒருவகைப் புற்றுநோய்க்கு 8 மில்லிமீற்றரும் இன்னொரு வகைக்கு 6 மில்லிமீற்றரும் தேவை என்று கண்டார்கள். பிறகு ஆள் தினமும் படுக்கிற வித்தியாசத்துக்காக இன்னொரு இடைவெளி, அது பீ.ரி.வி. ஆகவே நீங்கள் கேட்கிற "சுற்றிவர மண்" கணக்கு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. வைத்தியர் பயத்தில் முதல் கோட்டையே அகட்டினால் அதற்கு மேல் இந்த இரண்டு இடைவெளியும் ஏறி உட்காரும், இரண்டு தரம் மண் வெட்டின மாதிரி.

ஆனால் அந்த இடைவெளிகள் எல்லாவற்றையும் மூடிவிடும் என்று நினைக்கவும் கூடாது, இதுதான் நான் சொல்லவந்ததில் முக்கியமானது. அப்பா ஒரு நாள் கட்டிலில் 2 மில்லிமீற்றர் இடப்பக்கம் சரிந்து படுப்பார், அடுத்த நாள் வலப்பக்கம். 30 நாளில் அது தன்பாட்டில் சமப்படும். கோடு பிழைத்தால் அப்படிச் சமப்படாது. முதல் நாள் எந்தப் பக்கம் பிழையோ முப்பதாம் நாளும் அதே பக்கம்தான் பிழை. இடைவெளி கணிக்க நாங்கள் பாவிக்கிற பிரபலமான வாய்ப்பாடு ஒன்று இருக்கிறது, அதுவும் நெதர்லாந்துக்காரர்களுடையதுதான், 2000இல் வந்தது. அதில் நாளுக்கு நாள் மாறுகிற பிழையை 0.7ஆல் பெருக்குவார்கள், மாறாமல் நிற்கிற பிழையை 2.5ஆல். மூன்றரை மடங்கு பாரம். கோடு கீறுவதில் வருகிற வித்தியாசம் அந்த இரண்டாவது வகை. மெசினை மில்லிமீற்றர் கணக்கில் துல்லியமாக்கிவிட்டோம், ஆளைப் படுக்கவைப்பதையும் தினமும் படம் எடுத்துச் சரிபார்க்கிறோம், இந்த முழுச் சங்கிலியிலும் இப்போது தளர்ந்து நிற்கிற கண்ணி முதல் நாள் மவுசைப் பிடிக்கிற அந்தக் கைதான். அதனால் ஒரு கிழமை பிந்தினாலும் கோட்டைத் திருத்தினது சரி என்பதுதான் என் நிலைப்பாடு.

---

அறிவியல்நகர்ப் பெடியன் எழுதியது:

கணினி கீறுமா என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன், இறுதியாண்டு வேலையாக நுரையீரல் ஸ்கானில் கட்டிகளைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் எழுதப்போய் மூளை கலங்கி இருக்கிறவன்.

கணினி கீறும். சில விநாடியில் கீறும், களைக்காது. ஆனால் அதற்குப் பழக்குவது யார்? மனிதர் கீறின கோடுகளைக் காட்டித்தான் பழக்குகிறோம். லிடிக் என்று எல்லோரும் பாவிக்கிற ஒரு பொதுத் தொகுப்பு இருக்கிறது, 1018 ஸ்கான், ஒவ்வொன்றையும் நாலு கதிர்ப்பட வைத்தியர்கள் பார்த்திருக்கிறார்கள். இதில் 3 மில்லிமீற்றருக்குக் குறையாத முடிச்சு (நுரையீரலில் தெரிகிற சின்னக் கட்டி) என்று நாலு பேரில் ஒருவராவது குறித்தது 2669. நாலு பேரும் சேர்ந்து அப்படிக் குறித்தது எத்தனை என்று நினைக்கிறீர்கள்? 928. மூன்றில் ஒரு பங்கு சொச்சம். அதுவும் மற்றவர்கள் குறித்ததைப் பார்த்துவிட்டுத் தங்கள் முடிவைத் திருத்த இரண்டாம் சந்தர்ப்பம் கொடுத்த பிறகு. ஓரம் எங்கே என்ற சண்டை கூட இல்லை இது, முடிச்சு இருக்கிறதா இல்லையா என்ற சண்டை. இதை முதன்முதல் வாசித்தபோது என் மேற்பார்வையாளரிடம் போய் "சேர், அப்ப சரியான விடை எது" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அளவுநாடா அண்ணையிடம் ஒரு கேள்வி. இரண்டு கோடுகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்க்க நாங்கள் டைஸ் எண்ணைப் பாவிக்கிறோம் (ஒன்றோடொன்று மேல்விழுகிற பகுதியின் இரண்டு மடங்கை இரண்டினதும் கூட்டுத்தொகையால் வகுப்பது, 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடவே இல்லை). எங்கள் மென்பொருள் பெரிய கட்டிகளுக்கு 0.9 தருகிறது, சின்னதுக்கு 0.7 தாண்ட மாட்டேன் என்கிறது. வைத்தியர்களையும் இப்படித்தான் அளக்கிறார்களா?

---

அளவுநாடா எழுதியது:

அளக்கிறார்கள், நான் அதில் அவ்வளவு நம்பிக்கை வைக்க மாட்டேன். கணக்கைப் போட்டுப் பார். ஆரை 10 மில்லிமீற்றர் உருண்டையை ஒருவர் 12 என்று கீறினால் டைஸ் 0.73. ஆரை 30 உள்ளதை 32 என்று கீறினால் 0.90. இரண்டிலும் பிழை அதே 2 மில்லிமீற்றர். உன் மென்பொருள் சின்னக் கட்டிக்கு மோசமாகச் செய்கிறது என்று நினைத்து நித்திரை முழித்திருப்பாய், சில வேளை அது இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் செய்கிறது. எண்தான் கட்டியின் பருமனைப் பார்த்து ஆளை மாற்றிக் கதைக்கிறது. மேற்பரப்பு எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்று மில்லிமீற்றரில் அளந்து பார், உண்மை தெரியும்.

அதைவிட, எங்கே விலகுகிறது என்பது டைஸுக்குத் தெரியாது. காற்றுப் பக்கம் 3 மில்லிமீற்றர் கூடினாலும் முள்ளந்தண்டுப் பக்கம் 3 கூடினாலும் அதற்கு ஒன்றுதான். நோயாளிக்கு ஒன்றில்லை.

உன் "சரியான விடை எது" என்ற கேள்வி இருக்கிறதே, உன் சேர் தேநீர் குடிக்கப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பத்து வைத்தியர்களையும் ஒரே விண்டோ, ஒரே விதி என்று பழக்கினால் பத்துக் கோடும் ஒன்றாக வரும். பத்தும் ஒன்றாக வந்ததால் கட்டி அங்கேதான் முடிகிறது என்று ஆகிவிடாது. அலைகரையில் எல்லோரும் ஒரே இடத்தில் கல்லு நட்டாலும் தண்ணீர் தன் இடத்தில்தான் நிற்கும். வெட்டி எடுத்த கட்டியை மேசையில் வைத்து அளந்தால்தான் உண்மை, அதிலும் வெளியே எடுத்த நுரையீரல் காற்றுப் போய்ச் சுருங்கும் என்ற வில்லங்கம் இருக்கிறது. கதிர் பிடிக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வெட்டுவதே இல்லை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. அப்படியானால் ஒற்றுமை எதற்கு என்று கேட்பாய். ஒரே நோய்க்கு ஒருவர் கையில் போனால் ஒரு சிகிச்சை, மற்றவர் கையில் போனால் வேறு சிகிச்சை என்று இருக்கக் கூடாது, அதற்குத்தான். ஒரே மாதிரிப் பிழைத்தாலாவது ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்து எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்கலாம், ஆளுக்கொரு விதமாகப் பிழைத்தால் அதுவும் ஏலாது.

கணினி முதல் கோட்டைக் கீறட்டும், வைத்தியர் திருத்தட்டும். இதயம், நுரையீரல், முள்ளந்தண்டு போன்ற நல்ல உறுப்புகளுக்கு நாங்கள் இப்போதே அப்படித்தான் செய்கிறோம், நேரம் நன்றாக மிஞ்சுகிறது. கட்டிக்கு இன்னும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு கோடு ஏற்கெனவே திரையில் இருந்தால் களைத்துப்போன வைத்தியர் அதை அப்படியே விட்டுவிடுவார், மனித சுபாவம்.

---

முள்ளியவளை அக்கா எழுதியது:

எனக்கு இந்தக் கணக்கு ஒன்றும் ஓடவில்லை, ஆனால் என்ர மனுசனுக்கு மூன்று வருடத்துக்கு முன் இதே நடந்தது, அதனால் எழுதுகிறேன். எங்களுக்கு மறுவளம், முதல் சின்னதாகக் கீறி, பிறகு கழுத்தடியில் ஒரு நெறி வீங்கியிருப்பதைக் கண்டு கூட்டிக் கீறினார்கள். நான் அழுதுகொண்டு போய்க் கேட்டேன், அந்த வைத்தியர் கதிரையை இழுத்துப் போட்டு இருத்தித் திரையைக் காட்டினார். சிவப்புக் கோடு முதல் கீறினது, பச்சைக் கோடு இப்ப கீறினது என்று. இரண்டு நிமிசம்தான். கேட்டால் காட்டுவார்கள் தம்பி, கேட்காவிட்டால் அவர்களுக்கு நேரமில்லை, வெளியில் நாற்பது பேர் நிற்கும்.

நான் கேட்டது இவ்வளவுதான்: எந்தப் பக்கம் மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்தீர்களா. அதற்குமேல் கேட்க எனக்கும் தெரியாது. பழைய ஸ்கான், தொண்டையால் குழாய் விட்டுப் பார்த்த அறிக்கை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். எங்கட அந்த அறிக்கை வேறு வைத்தியசாலையில் இருந்தது, அது கையில் இல்லாமல்தான் முதலாவது கோடு கீறியிருந்தார்கள்.

தினம் போய்வர ஏலாது என்றால் தங்க இடம் இருக்கிறதா என்று முதலே விசாரியுங்கள். முள்ளியவளையிலிருந்து ஆறு கிழமை போய்வருகிறதை நினைத்துப் பாருங்கோ. கரண்ட் பிடிக்கிறதைவிடப் பஸ்தான் ஆளை முறித்துப் போடும்.

---

மாங்குளத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அலைகரைக் கதையை அப்பாவிடமும் சொன்னேன், அவர் வயலும் குளமுமாக வாழ்ந்தவர், "அப்ப வான் பாய்ஞ்ச நேரத்திலயா படம் எடுத்தவை?" என்று கேட்டார், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பெற் ஸ்கான் எடுத்தால் தெளிவாகும் என்றால் எடுக்கலாமா? மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெற் ஸ்கான் வாங்கச் சனம் காசு சேர்த்தது நினைவிருக்கிறது. அப்பாவுக்கு இளம் வயதில் காசநோய் வந்து மருந்து குடித்தவர், அதையும் சொல்ல வேண்டுமா?

---

நெளுக்குளம் எழுதியது:

கட்டாயம் சொல்லுங்கள். நான் கதிர்ப்படப் பிரிவில் வேலை செய்கிறவன். பெற் ஸ்கானில் சீனியை அதிகம் தின்கிற கலங்கள் வெளிச்சமாகத் தெரியும். புற்றுநோய்க் கலம் அப்படித் தின்கிறது, ஆனால் காசநோய் இருக்கிற இடமும் சளிக் காய்ச்சல் பிடித்த இடமும்கூடத் தின்னும். எங்கட பக்கத்தில் இதை மறந்தால் வேறு ஒன்றைக் கட்டி என்று கீறிவிடுவார்கள். பெற் படத்தின் ஓரமும் கத்தி வெட்டினது போல இராது, மங்கலாகத்தான் இருக்கும், எந்த வெளிச்சத்தில் கோட்டை நிறுத்துவது என்று அங்கேயும் ஒரு தகராறு. சுருங்கின நுரையீரலையும் கட்டியையும் பிரிப்பதில் மட்டும் அது உண்மையாகவே கெட்டிக்காரன். தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள், நீங்களாக ஓட வேண்டாம், காத்திருக்கிற நாளையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பெற் இல்லாவிட்டால் நரம்பில் மருந்து ஏற்றி எடுத்த சீ.ரி.யும் உதவும், சுருங்கின நுரையீரல் அந்த மருந்தைக் கட்டியைவிடக் கூட உறிஞ்சி வெளிச்சமாகும். எப்போதும் இல்லை, பல நேரம்.

மூச்சைப் பற்றி இங்கே ஒருவரும் கதைக்கவில்லை. மூச்சு விடும்போது கட்டி அசையும், அதிலும் கீழ்ப்பகுதிக் கட்டி மேலும் கீழுமாக நல்லாகவே ஓடும். அப்பாவுக்கு மேல்பகுதி என்பதால் அசைவு குறைவாக இருக்கும். சில இடங்களில் மூச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து அத்தனையையும் சேர்த்துக் கீறுவார்கள். ஸ்கான் எடுக்கிற நேரம் "மூச்சை நல்லா இழுங்கோ" என்று நாங்கள் சொல்லாவிட்டால் அப்பா தானாக இழுத்துப் பிடிக்க வேண்டாம், வழமை போல விட்டாலே போதும். நிறையப் பேர் உதவி செய்கிற எண்ணத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பார்கள்.

---

மாங்குளத்தான் எழுதியது:

நேற்றுப் போய் வந்தோம். முள்ளியவளை அக்கா சொன்ன மாதிரிக் கேட்டேன், பெரிய வைத்தியரே திரையைத் திருப்பிக் காட்டினார். அளவுநாடா அண்ணையின் ஊகம் சரி. மேல்பகுதி சுருங்கியிருக்கிறது, முதலாமவர் அதையும் சேர்த்துக் கீறியிருக்கிறார், குழாய் விட்டுப் பார்த்த அறிக்கையையும் மருந்து ஏற்றி எடுத்த படத்தையும் வைத்து இரண்டு பேருமாகச் சேர்ந்து பிரித்திருக்கிறார்கள். ஒரு ஓரத்தில் மட்டும் இருவருக்கும் இன்னும் முழுச் சம்மதம் இல்லையாம், அதைச் சேர்த்தே கீறியிருக்கிறோம் என்றார். அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. காசநோய்க் கதையையும் சொன்னேன், எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை தொடக்கம்.

ஒரு சந்தேகம் மட்டும். கட்டி சுருங்கி அடைப்பு விட்டால் அந்த நுரையீரல் திரும்ப விரியுமாம். அப்படியானால் கோடு இடம் மாறாதா?

---

அளவுநாடா எழுதியது:

மாறும் தம்பி, நல்ல கேள்வி. அடைப்பு விட்டு நுரையீரல் விரிந்தால் கட்டியே இடம் பெயர்ந்து போகலாம். தினமும் அல்லது கிழமைக்கு ஒரு தரம் மெசினில் எடுக்கிற படத்தில் அது தெரியும், தெரிந்தால் திரும்ப ஸ்கான் எடுத்துத் திரும்பக் கீறுவார்கள். அப்போது இன்னொரு தரம் நாள் பிந்தும், முதலே சொல்லி வைக்கிறேன். அப்பாவுக்குத் திடீரென்று மூச்சு லேசானாலும் சரி, கஷ்டமானாலும் சரி, அன்றைக்கே அங்குள்ளவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். நல்லது நடந்தால் ஏன் சொல்லுவான் என்று எங்கட ஆட்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

---

நெளுக்குளம் எழுதியது:

அதோடு நெஞ்சில் மையால் அடையாளம் போட்டு விட்டிருந்தால் அதைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். குளத்தில் முழுகிற பழக்கம் என்றால் முடியும்வரைக்கும் வீட்டில் அள்ளிக் குளிக்கட்டும், சவர்க்காரம் அந்த இடத்தில் படாமல்.

---

மாங்குளத்தான் எழுதியது:

அண்ணை, அது நேற்றே அழிந்துவிட்டது. நாளைக்குப் போய்த் திரும்பப் போடுவிக்கிறேன்.